குளக்கரையில் கணக்கெடுப்பு: தவளைகளையும் ஆமைகளையும் தேடிப் பதியும் முறை

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சலாபம் என்ற முத்துக்குளிப்புப் பருவத்தை அறிவிக்கும் முன்பு, சிப்பி கிடக்கும் பார்களைச் சோதிப்பது வழக்கம். குளிப்பவர்கள் கடலடிப் பார்களில் இறங்கி மாதிரிச் சிப்பிகளை எடுத்துவருவார்கள். சிப்பி எவ்வளவு கிடக்கிறது, முதிர்ந்ததா இளசா, முத்து தேறுமா என்றெல்லாம் பார்த்த பிறகே அந்த ஆண்டு சலாபம் உண்டா இல்லையா என்பது முடிவாகும். 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களோடு இங்கே முத்துக்குளிப்பு நின்றுபோனது. ஆனாலும் எந்தப் பாரில் எந்த ஆண்டு சிப்பி இருந்தது என்ற பழைய பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன.

அதே மாவட்டத்தின் குளங்களில் வாழும் தவளைகளுக்கும் ஆமைகளுக்கும் அப்படி ஒரு தொடர் கணக்கு இல்லை. அதை ஆரம்பிக்க விரும்பும் கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஊர் இளைஞர்கள் ஆகியோருக்கான பயிற்சி இந்த அத்தியாயம். பெரிய கருவிகள் தேவையில்லை. ஒழுங்கும் பொறுமையும் தேவை. எங்கே, எப்போது, எத்தனை பேர், எவ்வளவு நேரம் தேடினோம் என்று சொல்லாத எண்ணிக்கை எதற்கும் பயன்படாது. இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றவை பழகப் பழக வந்துவிடும்.

எந்தக் குளத்தைத் தேர்ந்தெடுப்பது

தூத்துக்குடி மாவட்டத்தின் நன்னீர் நிலைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒன்று, தாமிரபரணிப் பாசனக் குளங்கள். மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட குளங்களை நிரப்புகின்றன. கடம்பாக்குளம், பெருங்குளம், கோரம்பள்ளம் குளம் எல்லாம் இந்த வகை. பிசான நெற்பருவத்தில் தண்ணீர் நின்று தங்கும். ஆமைகளைத் தேட முதலில் போகவேண்டிய இடம் இதுதான்.

இரண்டு, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் நிலத்து மானாவாரிக் குளங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து, கோடையில் வெடித்துக் கிடப்பவை. தண்ணீர் சில மாதங்களே நிற்பதால் பெரிய மீன்கள் குறைவு. தலைப்பிரட்டைகளுக்கு இது பெரிய வசதி.

மூன்று, திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதியின் செம்மணல் தேரியை ஒட்டிய தருவைகள். வைரவந்தருவை, புத்தன்தருவை போன்ற தாழ்நிலங்கள் மழை ஆண்டுகளில் ஏரியாக விரிந்து, வறண்ட ஆண்டுகளில் காய்ந்து கிடக்கும். மண்ணுக்குள் புதைந்து வாழும் தவளைகளுக்குத் தேரி மணல் நல்ல இருப்பிடம்.

மூன்று வகையிலும் குளங்கள் இருக்கும்படி ஒரு பட்டியல் போடுங்கள். வண்டி நிறுத்த வசதியுள்ள குளங்களையே தேர்ந்தெடுத்தால், முடிவு சாலையோரக் குளங்களைப் பற்றியதாக மட்டுமே இருக்கும். கடலோரத்தில் உப்பளங்களை ஒட்டிய குளம் என்றால் தண்ணீரின் உப்புத்தன்மையையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தவளையின் தோல் நீரை உறிஞ்சும் தோல். உப்பு ஏற ஏறத் தவளை வகைகள் குறையும்.

யாரிடம் கேட்பது

கண்ணால் பார்ப்பது, காதால் கேட்பது, தொடாமல் படம் எடுப்பது ஆகியவற்றோடு நிற்பது இந்தப் பயிற்சியின் முதல் நிலை. பிடிப்பது, பொறி வைப்பது, அடையாளம் இடுவது என்று எதுவானாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். எனவே எந்த வேலையைத் தொடங்குவதற்கும் முன் மாவட்ட வன அலுவலரைச் சந்தித்து உங்கள் திட்டத்தைச் சொல்லுங்கள்.

அடுத்து, குளம் நீர்வளத் துறையின் பொறுப்பிலா, ஊராட்சியின் பொறுப்பிலா என்று விசாரியுங்கள். மீன்பாசி குத்தகை எடுத்தவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் குளத்தில் கால் வைக்க வேண்டும். இரவில் டார்ச்சோடு கரையில் ஆட்கள் திரிந்தால் மீன் திருட வந்தவர்கள் என்று நினைப்பது இயல்பு. முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவரே உங்களுக்கு வழிகாட்டுவார். மடை திறப்பவர், ஆடு மேய்ப்பவர், தாமரைக் கிழங்கு தோண்டுபவர் ஆகியோரெல்லாம் அந்தக் குளத்தை ஆண்டு முழுக்கப் பார்ப்பவர்கள்.

யாரைத் தேடுகிறோம்

குளத்தில் தண்ணீர் மட்டத்தில் மிதந்தபடி, ஆள் வந்தால் நீரின் மேலேயே தத்தித் தத்தி ஓடுவது தத்துத் தவளை. எளிதில் கண்ணில் படும். தாமரை, அல்லி படர்ந்த குளங்களில் பச்சை உடலும் முதுகின் நடுவே ஒரு வெளிர்கோடுமாக இருப்பது பச்சைக் குளத்தவளை. வளர்ந்த பிறகு நீர்த்தாவரங்களை அதிகமாகத் தின்னும் தவளை இது. தவளை இனத்திலேயே அபூர்வமான பழக்கம். செடி அடர்ந்த குளத்தை வெறும் தண்ணீர்த் தொட்டியாக மாற்றினால் முதலில் போவது இதுதான்.

பெரிய உடல்கொண்ட காளைத்தவளைகளில் இரண்டு வகையை இங்கே எதிர்பார்க்கலாம்: இந்தியக் காளைத்தவளை, ஜெர்டன் காளைத்தவளை. பச்சைக் குளத்தவளையையும் இந்தியக் காளைத்தவளையையும் தவளைக்கால் வணிகத்துக்காக ஏராளமாகப் பிடித்தார்கள். 1985இல் இவ்விரண்டும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1987இல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியைத் தடைசெய்தது.

பலூன் தவளை, வளைதோண்டித் தவளை ஆகியவை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிப்பவை. பின்னங்காலில் மண்வெட்டி போன்ற ஒரு கெட்டியான புடைப்பு இருக்கும். அதைக்கொண்டு பின்பக்கமாகவே மண்ணைத் தள்ளி உள்ளே இறங்கிவிடும். முதல் பெருமழையின் சில இரவுகளில் மட்டும் வெளியே வந்து கத்தி, முட்டையிட்டு, மறுபடி மறைந்துவிடும். ஊரில் யாரும் பார்த்ததில்லை என்பதால் இவற்றை அரியவை என்று எழுதிவிடக் கூடாது. நாம் போன நாள் தவறியிருக்கலாம். உண்மையிலேயே குறைந்துவிட்ட உயிரையும், நம் கண்ணில் படாத உயிரையும் பிரித்துக் காட்டுவதே கணக்கெடுப்பின் வேலை.

ஆமைகளில் இரண்டு. பாலாமை, மென்மையான தோல் போர்த்த ஓடும் குழல் போன்ற மூக்கும் கொண்டது. அடிப்பக்கம் பின்னால் இரண்டு தோல்மடிப்புகள் இருக்கும். பயந்தால் பின்னங்கால்களை உள்ளே இழுத்து அந்த மடிப்பால் மூடிக்கொள்ளும். வட இந்தியப் பாலாமைக்கு முதுகில் மஞ்சள் புள்ளிகள் உண்டு. தென்னிந்தியப் பாலாமைக்கு அவை கிடையாது. உலக அளவில் பாலாமையைப் பாதிப்புக்குள்ளாகக்கூடிய இனமாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். காராமை, கறுத்த கெட்டி ஓடும், ஓட்டின் மேல் நீளவாக்கில் மூன்று மேடுகளும் கொண்டது.

முட்காட்டில் நட்சத்திர ஆமை தென்பட்டால் அது குளத்து ஆமையல்ல, குளத்தில் விட்டுவிடாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டையுள்ள ஆமை தென்பட்டால் அது யாரோ வளர்த்துக் கைவிட்ட அயல்நாட்டு ஆமை. அதையும் தனியாகக் குறித்துத் தெரிவியுங்கள்.

இரவுக் கணக்கெடுப்பு

தவளைக்கான பருவம் வடகிழக்குப் பருவமழை. அக்டோபரின் முதல் நல்ல மழைக்குப் பிறகு வரும் இரவு மிக முக்கியம். குழு தயாராக இருந்து, மழை பெய்த அன்றே கிளம்ப வேண்டும். அந்த இரவில் காளைத்தவளையின் ஆண் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளாக மாறியிருக்கும். தொண்டையின் இருபுறமும் நீலநிறக் குரல்பைகள் உப்பி உப்பி அடங்கும். இரண்டு நாள் கழித்துப் போனால் அதே ஆண் பழைய மங்கல் நிறத்தில் புல்லுக்குள் உட்கார்ந்திருக்கும்.

சூரியன் மறைந்து அரைமணி நேரம் கழித்து ஆரம்பியுங்கள். முதலில் கேட்பது. கரையில் போய் நின்று, விளக்கை அணைத்து, இரண்டு நிமிடம் அசையாமல் இருங்கள். நம் காலடிச் சத்தத்தால் அடங்கிய குரல்கள் திரும்ப எழும். பிறகு 5 நிமிடம் கேட்டு, ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் போடுங்கள். குரலே இல்லையென்றால் 0. தனித்தனியாக எண்ணக்கூடிய குரல்கள் என்றால் 1. சில குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் ஓரளவு எண்ண முடிந்தால் 2. இடைவெளியே இல்லாத முழுக் கூச்சல் என்றால் 3. கைப்பேசியில் ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்து, குளத்தின் பெயரையும் நேரத்தையும் அந்தப் பதிவிலேயே வாயால் சொல்லிவிடுங்கள். அடையாளம் தெரியாத குரலைப் பின்னால் தெரிந்தவர்களிடம் கொடுத்துக் கேட்கலாம். குறுவாய்த் தவளையின் குரல் சீப்புப் பல்லில் நகத்தை இழுத்தது போலக் கரகரவென்று வரும். உடலைப் பார்த்தால் கட்டைவிரல் நுனியளவுதான்.

அடுத்து தேடுவது. கரையோரம் 100 மீட்டர் அளந்து கயிறு கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் 1 மீட்டர், கரைப்பக்கம் 2 மீட்டர் என்று அகலத்தை நிர்ணயித்துக்கொண்டு, மூவர் மெதுவாக 30 நிமிடம் நடக்க வேண்டும். விளக்கைக் கண்மட்டத்தில் பிடித்தால் தவளையின் கண்கள் மினுங்குவது தெரியும். மூவர் அரைமணி நேரம் தேடினால் 1.5 ஆள்மணி. அதில் 12 தவளை பார்த்தால், ஓர் ஆள்மணிக்கு 8. இப்படிக் கணக்கிட்டால்தான் ஐந்து பேர் போன குளத்தையும் இரண்டு பேர் போன குளத்தையும் ஒப்பிட முடியும்.

முட்டையும் தலைப்பிரட்டையும்

மறுநாள் காலையில் அதே குளத்துக்குப் போங்கள். தேரை, முட்டைகளை ஜவ்வு இழையில் கோத்து நீண்ட சரமாக விட்டிருக்கும். மரத்தவளை, தண்ணீருக்கு மேலே செடியிலோ சுவரிலோ வெள்ளை நுரைக்கூடு கட்டியிருக்கும். குறுவாய்த் தவளையின் முட்டைகள் நீரின் மேல்பரப்பில் மெல்லிய படலமாக மிதக்கும். இரவில் காணாத வகையைக்கூட இந்தத் தடயங்கள் காட்டிக்கொடுக்கும்.

தலைப்பிரட்டைக்குக் கைவலை. ஒரே நீளத்தில் 10 முறை வீசி, வந்ததை வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு ஊற்றிப் பார்த்து, படம் எடுத்து, அதே இடத்தில் விட்டுவிடுங்கள். இதற்கும் அனுமதி வேண்டும். காளைத்தவளையின் தலைப்பிரட்டை மற்றவற்றைத் தின்னும். ஒரே தட்டில் சேர்த்து வைக்காதீர்கள்.

ஆமைகளைத் தேடுவது

ஆமைக் கணக்கெடுப்புக்கு முன்னோடியாக ஒருவரைச் சொல்லியாக வேண்டும். சென்னை முதலைப் பண்ணையில் பணியாற்றிய ஜெ. விஜயா, 1982இல் கேரளத்தின் சாலக்குடிக் காடுகளில் தங்கித் தேடி, ஏறத்தாழ 70 ஆண்டுகளாக ஆய்வாளர்கள் யாரும் உயிரோடு பார்த்திராத பிரம்பு ஆமையை மறுபடி கண்டறிந்தார். 1987இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்த ஆமையின் பேரினத்துக்கு 2006இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. காட்டில் வாழ்பவர்களின் அறிவை மதித்து, அவர்களோடு தங்கித் தேடியதே அவருக்குப் பலன் தந்தது. நம் குளங்களுக்கும் அதே வழிதான்.

முதலில் விசாரணை. பாலாமை, காராமை ஆகியவற்றின் படங்களோடு, இந்தக் குளங்களில் இருக்க வாய்ப்பே இல்லாத ஓர் ஆமையின் படத்தையும் சேர்த்து மீன்பிடிப்பவரிடம் காட்டுங்கள். எல்லாப் படத்துக்கும் தலையாட்டினால் அந்தப் பதிலைத் தனியாக வைத்துவிடலாம். “ஆமையைத் தின்பீர்களா” என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். “அண்ணாச்சி, கடைசியா எப்போ பாத்தீங்க, எந்த மடைப்பக்கம்?” என்று கேளுங்கள். சொன்னவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதாதீர்கள்.

இரண்டாவது, பைனாகுலர். காலை 7 மணி முதல் 10 மணி வரை, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கரையில் உட்காருங்கள். கல், விழுந்த மரம், மடைச்சுவர் ஆகியவற்றில் காராமை வெயில் காயும். பாலாமை பெரும்பாலும் மூக்கு நுனியை மட்டும் நீட்டி மூச்சு வாங்கிவிட்டு இறங்கிவிடும். ஒரே ஆமை இரண்டு முறை தலைகாட்டினால் இரண்டாக எண்ணிவிடாமலிருக்க, ஒரே சமயத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள்.

மூன்றாவது, பொறி. அனுமதி பெற்ற, அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் மட்டும். வளையப் பொறியின் மேல்பகுதி கட்டாயம் தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும். ஆமைக்கு நுரையீரல்தான், முழுக்க மூழ்கிய பொறியில் மூச்சுமுட்டிச் செத்துவிடும். காலிப் பிளாஸ்டிக் பாட்டில்களை உள்ளே கட்டிவைத்தால் பொறி மிதந்து நிற்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பிடிபட்ட பாலாமையை ஓட்டின் பின்பக்க ஓரத்தில் பிடிக்க வேண்டும். கழுத்து நாம் நினைப்பதைவிட நீளம். பக்கவாட்டில் பிடித்த கையை எட்டிக் கடித்துவிடும். காலிப்பரால் ஓட்டின் நேர்நீளம், ஸ்பிரிங் தராசில் எடை, வாலின் நீளம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வால் நீண்டு பருத்திருந்தால் ஆண். முதுகையும் அடிப்பக்கத்தையும் நேர்மேலிருந்து படம் எடுங்கள். காராமையின் ஓட்டு விளிம்புத் தகடுகளில் சிறு வெட்டுக்குறி இட்டு எண் கொடுக்கும் முறை உலகெங்கும் உண்டு. பாலாமைக்குத் தோல் போர்த்த ஓடு என்பதால் அந்த முறை பொருந்தாது; படங்களை வைத்தே தனி ஆமைகளை அடையாளம் காண வேண்டும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்து, பிடித்த இடத்திலேயே விடப்பட வேண்டும். வேறு நல்ல குளம் என்று நினைத்து இடம் மாற்றுவது உதவி அல்ல.

பதிவேடு

ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியவை: தேதி, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், ஆட்களின் எண்ணிக்கை, குளத்தின் பெயர், தண்ணீரின் அளவு, காற்று, கடைசியாக மழை பெய்த நாள், காற்றின் வெப்பநிலை, நீரின் வெப்பநிலை, கண்டவை, கேட்டவை. மழையில் மை கலையும், பென்சிலால் எழுதுங்கள்.

ஒன்றும் தென்படாத நாளையும் எழுத வேண்டும். அங்கே “இல்லை” என்று எழுதாமல் “காணவில்லை” என்று எழுதுங்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். குளத்தில் ஆமை இருந்தும், ஒருமுறை போனால் அதைக் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை போயும் காணாமல் தவறவிடும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 22. ஐந்து முறை போனால் 8. ஒரு குளத்துக்கு ஒரே ஒருமுறை போய்விட்டு ஆமை அழிந்துவிட்டது என்று அறிக்கை கொடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பதிவுகளை ஐநேச்சுரலிஸ்ட், இந்தியப் பல்லுயிர்த் தளம் ஆகியவற்றில் ஏற்றலாம். ஆமை இருக்கும் குளத்தின் துல்லியமான இடத்தை மட்டும் மறைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பகிரவே வேண்டாம். திருடிக் கொண்டுபோகிறவர்களுக்கும் அது வழிகாட்டிவிடும்.

நோயும் ஆபத்தும்

உலகெங்கும் தவளைகளை அழித்த கைட்ரிட் பூஞ்சை, மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிடமும் கண்டறியப்பட்டிருக்கிறது. ஒரு குளத்துச் சேற்றை இன்னொரு குளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கம்பூட், வலை எல்லாவற்றையும் சேறு போகத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் நனைத்து, அலசி, நல்ல வெயிலில் காயவையுங்கள். கொசு மருந்து பூசிய கையால் எந்தத் தவளையையும் தொடக் கூடாது.

கரையில் கண்ணாடி விரியன், தேரிப் பக்கம் சுருட்டை விரியன் உண்டு. கம்பூட், கம்பு, ஆளுக்கொரு விளக்கு கட்டாயம். கடிபட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், அசைக்காமல் 108க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தூர்வாரிய குளங்களில் திடீர்ப் பள்ளங்கள் இருக்கும். நீச்சல் தெரிந்தாலும் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம்.

பயிற்சியை எப்படி ஆரம்பிப்பது

தாமிரபரணிக் குளங்களில் 2011 முதல் ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மையம் தன்னார்வலர்களைச் சேர்த்து ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. பறவை பார்க்கக் கற்றவர்களுக்குக் குளங்களும் ஊர்க்காரர்களும் ஏற்கெனவே பழக்கம்; அவர்களோடு சேர்ந்து ஆரம்பிப்பது நல்லது.

செப்டம்பரில் வகுப்பறையில் படங்களும் குரல்களும். அக்டோபரில் ஒரே குளத்தில் பழகும் இரவுகள்: இரண்டு குழுக்கள் அதே 100 மீட்டரைத் தனித்தனியே தேடி எண்களை ஒப்பிட வேண்டும். பெரிய வித்தியாசம் வந்தால் இன்னும் பழக வேண்டும் என்று பொருள். நவம்பர், டிசம்பரில் பட்டியலிலுள்ள ஒவ்வொரு குளத்துக்கும் குறைந்தது மூன்று முறை. ஜனவரி முதல் மார்ச் வரை காலை வெயிலில் ஆமைகள்.

மே மாதத்தில் இன்னொரு வேலை இருக்கிறது. குளம் வற்றும்போது பாலாமை சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். வண்டல் மண் அள்ள ஜேசிபி இறங்குவதும் அதே மாதங்களில்தான். ஈரம் கடைசியாகத் தங்கும் பகுதி எது என்பது உங்கள் பதிவேட்டில் இருக்கும். அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்ற இடத்தில் மண் அள்ளும்படி ஊராட்சித் தலைவரிடமும் நீர்வளத் துறைப் பொறியாளரிடமும் கேளுங்கள். விவசாயிக்கு வண்டலும் கிடைக்கும், ஆமையும் பிழைக்கும்.

ஆகவே, ஒரு குளத்தோடு ஆரம்பியுங்கள். வீட்டுக்குப் பக்கத்துக் குளமே போதும். அதை ஐந்து ஆண்டுகள் விடாமல் எழுதுங்கள். அந்தக் குளத்தைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் உங்கள் நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள்.